பால்மானியில் இருபத்தாறு

பழங்காநத்தம்,
8.7.1979

அன்புள்ள சீனி,

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிறது. பதில் இன்றுதான். மைதிலி கண்ணை மூடினால்தான் எனக்கு நேரம். அவள் மூடுவதோ கோழித்தூக்கம். இதை நான்கு தடவை தொடங்கியிருக்கிறேன். நடுவில் மை மாறியிருப்பதைப் பார்த்தாலே உனக்குத் தெரியும்.

நீ கேட்ட நோட்ஸ் இதோடு இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்கு, பொருள்களின் வகைகளும் பண்புகளும். காலேஜில் இங்கிலீஷில் படித்ததைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோதுதான், எத்தனை இடத்தில் சரியாகப் புரியாமலேயே மார்க் வாங்கியிருக்கிறேன் என்று தெரிந்தது. தனிமம், சேர்மம், கலவை என்று மூன்றாகப் பிரித்திருக்கிறேன். கலவையில் எங்கே எடுத்தாலும் ஒரே மாதிரி இருப்பது ஒன்று, இடத்துக்கு இடம் மாறுவது ஒன்று. முதலாவதற்கு உப்புத் தண்ணீர். இரண்டாவதற்கு ரேஷன் அரிசி. கல்லைப் பொறுக்கிக் காட்டினால் பிள்ளைகள் மறக்காது. பண்புகள் வரும்போது இப்படிச் சொல்: நிறம், அடர்த்தி, கொதிநிலை மாதிரி சிலதைப் பொருளை மாற்றாமலேயே பார்த்துவிடலாம். சிலதை அந்தப் பொருள் வேறொன்றாக மாறினால்தான் பார்க்க முடியும். எரியுமா என்று தெரிய வேண்டுமானால் எரித்துத்தான் ஆக வேண்டும்.

இதை எழுதிய இரண்டு நாளும் எனக்கு நன்றாக இருந்தது. பிறகு பழையபடி.

மைதிலிக்கு எட்டு மாதம் முடிந்துவிட்டது. எடை ஐந்து கிலோ அறுநூறு. போன மாதமும் அதே. எனக்குப் பால் நான்காம் மாதமே நின்றுவிட்டது, உனக்குத் தெரியும். இரண்டு பங்கு பசும்பால், ஒரு பங்கு தண்ணீர், காய்ச்சி ஆற வைத்துக் கொடு என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறாள். அப்படித்தான் கொடுக்கிறேன். இவர் ஆபீஸ் போய்விட்டால் நாள் முழுக்க வீட்டில் நானும் மாமனாரும் குழந்தையும்தான். அவள் என்னைவிட மாமனாரிடம்தான் அதிகம் ஒட்டுகிறாள். மார்பில் போட்டுத் தட்டிக்கொண்டே இருப்பார். இருமல் வந்தால் மட்டும் என்னிடம் நீட்டுவார்.

பால் இன்னும் உன் செல்லத்தாய் அத்தையிடம்தான். நீ சொல்லித்தானே எங்கள் காம்பவுண்டில் ஆறு வீடும் அவளிடம் வாங்க ஆரம்பித்தது. முன்பெல்லாம் மாட்டை வாசலிலேயே கட்டி, செம்பைக் கவிழ்த்து எல்லாருக்கும் காட்டிவிட்டுக் கறப்பாள். வாசலில் சாணி என்று வீட்டுக்காரப் பட்டு மாமி சத்தம் போட்டதிலிருந்து, கண்மாய்ப் பக்கம் தன் கொட்டகையிலேயே கறந்து கொண்டுவருகிறாள்.

உன் பள்ளிக்கூட லேபில் பால்மானி இருந்தால் ஒரு மாதத்துக்குக் கொடுத்தனுப்பேன். அடர்த்திப் பாடத்துக்கு ஒரு அட்டவணை போட்டுத் தருகிறேன்.

ஸ்யாமளா


கொட்டாம்பட்டி,
16.7.1979

அடி ஸ்யாமளா,

நோட்ஸ் வந்தது. புண்ணியவதி நீ. தலைமையாசிரியர் பார்த்துவிட்டு யார் எழுதியது என்று கேட்டார். நான்தான் என்று சொல்லிவிட்டேன். என்ன செய்வாய்?

ரேஷன் அரிசி நன்றாக வேலை செய்தது. ஆனால் பால் தனிமமா, சேர்மமா, கலவையா என்று கேட்டேன் பார், அங்கேதான் மாட்டிக்கொண்டேன். முத்துத்தாய் என்று ஒருத்தி, வீட்டில் மாடு வைத்திருக்கிறார்கள், எழுந்து நின்று சொல்கிறாள்: “எங்க வீட்டுல கறக்குறப்ப தனிமம் டீச்சர். டீக்கடைக்குப் போனப்புறந்தான் கலவை.” வகுப்பே உருண்டது. கொழுப்பு, புரதம், சர்க்கரை, தண்ணீர் என்று நான் விளக்கிச் சொல்லி முடிக்கும்போது மணி அடித்துவிட்டது. அவள் நம்பவில்லை. “அப்ப மாடே கலப்படம் பண்ணுதா டீச்சர்?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பால்மானியை எங்கள் சோணை அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். வியாழக்கிழமை கடலைக்காய் மூட்டையோடு மதுரைக்கு வருகிறது. உடைத்துவிடாதே தாயே. ஸ்டாக் நோட்டில் என் கையெழுத்து இருக்கிறது. ஸ்கூலிலேயே அது ஒன்றுதான். அடி தட்டாத உயரமான பாத்திரத்தில் விடு. இருபத்தெட்டுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவில் நின்றால் நல்ல பசும்பால்.

குழந்தை எடையை நினைத்து உருகாதே. சில பிள்ளைகள் அப்படித்தான், ஒரு வயதுக்கு மேல் எழும்பும். செல்லத்தாய் அத்தை உன் மகளைப் பற்றி வாரம் ஒருமுறை அண்ணனிடம் சொல்லிவிடுகிறது, “அந்த ஐயரு வீட்டுப் புள்ளைக்குன்னு மொதக் கறவைய எடுத்து வைக்கிறேன்” என்று. மாமா போன பிறகு அந்த ஒரு மாட்டை வைத்துக்கொண்டு நிற்கிறது. அது இல்லாவிட்டால் நான் ஏது, பி.எஸ்ஸி. ஏது. மூன்று வருஷம் அதன் கொட்டகையில் படுத்துத்தானே உன்னோடு காலேஜுக்கு வந்தேன். என் சேலையில் சாணி வாடை அடிக்கிறது என்று லேபில் யாரும் பக்கத்தில் நிற்காதபோது, நீ வந்து நின்றாய். அதை நான் மறக்கவில்லை.

அட்டவணையைச் சீக்கிரம் அனுப்பு.

சீனியம்மாள்


பழங்காநத்தம்,
5.8.1979

அன்புள்ள சீனி,

இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் ஐந்து நாள் தள்ளிவிட்டேன். வேறு யார் வாயாலாவது உனக்கு வருவதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும்.

பால்மானியை அட்டவணைக்காகக் கேட்கவில்லை. உன் அத்தை கொண்டுவரும் பாலைப் பார்ப்பதற்காகக் கேட்டேன். சொல்லியிருந்தால் கொடுத்திருக்க மாட்டாய் என்று நினைத்தேன். அது என் தப்பு, முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் என் நிலைமையையும் யோசி. ஒரு பங்கு தண்ணீர் சேர் என்றால், அந்த ஒரு பங்குதானே இருக்க வேண்டும்? ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் நான் மேலும் ஊற்றினால் குழந்தை எதைக் குடிக்கிறாள்? ஒன்பது நாள் பார்த்தேன். பால் வந்த கையோடு, செம்பிலிருந்து நேராக ஜாடியில் விட்டு. இருபத்தாறு. இருபத்தைந்தரை. இருபத்தாறு. ஒரு நாள்கூட இருபத்தெட்டைத் தொடவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் விருமாண்டி என்று ஒருவர் டிப்போ வைத்திருக்கிறார், ஐஸில் வைத்த கேனில் பால் விற்கிறார். அதையும் வாங்கிப் பார்த்தேன். முப்பது. மூன்று நாளும் முப்பது. நீயும் கெமிஸ்ட்ரி படித்தவள். இதற்கு மேல் நான் எதை நம்ப வேண்டும்?

தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்றுதான் இருந்தேன். அன்றைக்குக் குழாயடியில் எல்லாரும் நின்றார்கள். ஜாடியை வெளியே எடுத்துக்கொண்டு வந்ததைப் பார்த்து என்ன என்னவென்று கூடிவிட்டார்கள். நான் படித்துக் காட்டினேன். செல்லத்தாய் அந்தக் கண்ணாடிக் குழாயைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பிடித்துச் செம்பின் வயிற்றில் வைத்தாள். “தொட்டுப் பாரு தாயி. தண்ணி ஊத்துன பாலு இம்புட்டுச் சூடாவா இருக்கும்?” என்றாள். வெந்நீர்கூட ஊற்றலாமே என்று நான் சொன்னேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சீனி, நான் சிரிக்கவில்லை. ஆனால் சொன்னது நான்தான்.

அவள் மீதி ஐந்து வீட்டுக்கும் அன்றைய பாலை அளந்து ஊற்றிவிட்டுத்தான் போனாள். மறுநாள் ஆறு வீடும் டிப்போவுக்கு மாறிவிட்டது.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. என் குழந்தையின் விலா எலும்பை நான் எண்ணிவிடலாம். நீ வந்து ஒரு நாள் இவளைக் குளிப்பாட்டிப் பார். அப்புறம் என்னைத் திட்டு.

ஸ்யாமளா


கொட்டாம்பட்டி,
17.8.1979

திருமதி ஸ்யாமளா சுப்பராமன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது.

பள்ளியின் பால்மானியைச் சோணை அண்ணன் வரும் வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளும். பழந்துணியில் சுற்றி, தாங்கள் வாங்கியபடியே கொடுத்துவிடவும். அட்டவணை வேண்டாம்.

நான் சனிக்கிழமை மதுரைக்கு வந்து அத்தையைப் பார்த்தேன். தங்கள் தெரு வழியாகத்தான் போனேன், உள்ளே வரவில்லை. அத்தையும் நானும் என்ன பேசினோம் என்பதைத் தங்களுக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. செவ்வாய்க்கிழமை அது மாட்டை விற்றுவிட்டது. வாங்கியவர் டிப்போ விருமாண்டி. அத்தை இப்போது அதே டிப்போவில் கூலிக்குக் கறக்கிறது. தாங்கள் முப்பது என்று அளந்த பாலில் இனி அந்த மாட்டின் பாலும் இருக்கும். அளந்து பார்த்துக்கொள்ளலாம்.

பழங்காநத்தத்தில் வேறு யாரும் அதனிடம் பால் வாங்கவில்லை. “தண்ணி ஊத்துன செல்லத்தாய்” என்று ஒரு பெயர் அதற்கு முன்னால் போய் நிற்கிறதாம். தாங்கள் படித்தவர்கள், பெயர் வைத்தால் நிலைத்துவிடுகிறது.

குழந்தை நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
சீனியம்மாள்


பழங்காநத்தம்,
30.9.1979

சீனி,

எப்படித் தொடங்கினாலும் உனக்குப் பிடிக்காது என்பதால் பெயரை மட்டும் எழுதினேன். நீ பதில் போட வேண்டாம். எனக்கு எழுத வேறு யாரும் இல்லை.

டிப்போ பால் குடிக்க ஆரம்பித்து எட்டு வாரம் ஆகிறது. மைதிலி முந்நூறு கிராம் குறைந்திருக்கிறாள். சாயங்காலமானால் உடம்பு இலேசாகச் சுடும். கழுத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. டாக்டரம்மா மார்பைப் படம் எடுக்கச் சொன்னாள். பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்கிறாள். பெரியவர்களுக்கு வந்தால் அதற்குப் பேர் வேறு. தொண்ணூறு ஊசி, தினம் ஒன்று. பக்கத்துத் தெரு டிஸ்பென்சரியில் போடுகிறார்கள். எங்கே குத்துவது என்று நர்ஸ் சதையைத் தேடுகிறாள்.

பாலால் வந்ததா என்று கேட்டேன். அதுதான் என் முதல் கேள்வி, பார். காய்ச்சித்தானே கொடுக்கிறாய், பாலில் ஒன்றும் இல்லை, வீட்டில் யாருக்காவது வெகுநாளாக இருமல் உண்டா என்று கேட்டாள்.

மாமனாரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்ச் சளி கொடுத்துப் பார்த்தார் இவர். இருக்கிறது. இரண்டு வருஷமாக இருக்கலாமாம். இரண்டு வருஷமாக அந்த இருமலை நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாசலில் வந்த பாலை ஒன்பது நாள் அளந்தேன். கூடத்தில் இருந்த இருமலை ஒரு நாள் யோசிக்கவில்லை. அவர் எங்கள் மனுஷர், அது எங்கள் வீட்டு இருமல். அதில் என்ன இருக்கப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

மாமனாருக்கு இன்னும் தெரியாது. ஆஸ்துமாவுக்கு மாத்திரை என்று சொல்லிக் கொடுக்கிறார் இவர். குழந்தையைத் தூக்க வேண்டாம், மூச்சு வாங்கும் என்கிறோம். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். வேலையில் இருந்தபோது அப்பாவிடம், அந்த அனந்தநாராயணன் சாரிடம், சிபாரிசுக்கு ஆட்கள் காத்திருந்த காலம் உண்டு என்று இவர் சொல்வார். இப்போது பேத்தியைத் தூக்க என் முகத்தைப் பார்க்கிறார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். குழந்தைக்கு ஏன் ஊசி என்று காம்பவுண்டில் கேட்டார்கள். முன்பு செல்லத்தாயிடம் வாங்கிய பாலால் வயிறு கெட்டு உடம்பு தேறவில்லை என்று இவர் சொல்லிவிட்டார். காச நோய் என்று தெரிந்தால் குழாயில் நம் குடத்தை வைக்க விடமாட்டார்கள், பட்டு மாமி வீட்டைக் காலி பண்ணச் சொல்வாள், ஊசிக்கு எங்கிருந்து நடப்பாய் என்கிறார். நான் மறுக்கவில்லை. கேட்டவர்களிடம் தலையை ஆட்டினேன்.

பால்மானி உன்னிடம் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கும்.

ஸ்யாமளா


கொட்டாம்பட்டி,
12.10.1979

ஸ்யாமளா,

குழந்தையைப் பற்றிப் படித்ததும் உன்மேல் இருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஊசியை ஒரு நாள்கூட விடாதே. எங்கள் ஊரில் அப்படி இருந்த பிள்ளைகள் எழுந்து நடக்கிறார்கள்.

இப்போது நான் சொல்வதை உட்கார்ந்து படி.

போன வாரம் வகுப்பில் அடர்த்திப் பாடம். முத்துத்தாய் வீட்டுக்கே பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். என் கண் முன்னால் செம்பைக் கவிழ்த்துக் காட்டி, கறந்து, நுரை அடங்குவதற்குள் ஜாடியில் ஊற்றினார்கள். பால்மானியை விட்டேன். இருபத்தாறு.

இரண்டாவது தடவை பார்த்தேன். இருபத்தாறு. அந்தப் பெண் கேட்டாள், “எங்க மாட்டையே சந்தேகப்படுறீகளா டீச்சர்?” அப்புறம்தான் குழாயைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே இருக்கும் அளவுத் தாளின் அடியில் பொடி எழுத்தில் 60 டிகிரி பாரன்ஹீட் என்று போட்டிருக்கிறது. அந்தச் சூட்டில்தான் அது சரியாகக் காட்டும். மாட்டின் மடியிலிருந்து வந்த பால் கிட்டத்தட்ட நூறு. சூடு ஏறினால் பொருள் விரியும், விரிந்தால் அடர்த்தி குறையும். உன் நோட்ஸிலேயே ஆறாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். அதே பாலைத் தண்ணீர்ப் பானைக்குள் இறக்கி வைத்தேன்: இருபத்தெட்டு. சர்பத் கடையில் மரத்தூளில் புதைத்து வைத்திருந்த ஐஸை வாங்கிச் சுற்றி வைத்தேன்: முப்பது. சொட்டுக்கூட மாறாத அதே பால்.

டிப்போ பால் ஐஸில் இருந்தது. அதனால் முப்பது. இன்னொன்றும் இருக்கிறது. பாலேட்டை எடுத்துவிட்டால் பால் கனக்கும், மானி மேலே காட்டும். அப்புறம் தண்ணீர் ஊற்றினால் இறங்கும். இரண்டையும் செய்தால் முப்பதிலேயே நிற்கும். அங்கே அப்படிச் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பார்க்காமல் சொன்னது போதும். மானிக்கு அது தெரியாது என்று மட்டும் சொல்கிறேன்.

அன்றைக்கு அத்தை உன் கையைப் பிடித்துச் செம்பில் வைத்ததே, அதுதான் சரியான சோதனை. நம் இரண்டு பேரையும்விட அது ஒழுங்காகப் படித்திருக்கிறது.

“நம்” என்று ஏன் எழுதினேன் தெரியுமா? ஆகஸ்டில் நான் அத்தையைப் பார்க்கப் போனது ஆறுதல் சொல்ல இல்லை. உன் கடிதத்தில் எண்களைப் பார்த்துவிட்டுப் போனேன். ஒன்பது நாள், இருபத்தாறு, இருபத்தைந்தரை. நான் டீச்சர். எண்ணைப் பார்த்தால் நம்பிவிடுவேன். “கஷ்டம்னா எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல அத்தை, எதுக்குத் தண்ணிய ஊத்துன?” என்று கேட்டேன். அது “நீயுமாடி” என்று மட்டும் சொன்னது. மூன்றாம் நாள் மாடு போய்விட்டது. உன் காம்பவுண்டு பேசியதற்கு அது மாட்டை விற்கவில்லை, ஸ்யாமளா. நான் கேட்டதற்கு விற்றது. உனக்கு நான் எழுதிய அந்த மரியாதைக் கடிதம் இருக்கிறதே, அது உன்மேல் இருந்த கோபம் இல்லை. பழியைப் போட ஒரு இடம் தேடினேன்.

ஞாயிற்றுக்கிழமை போய்க் காலில் விழுந்தேன். எழுந்திரு என்றது. சோறு போட்டது. ஆனால் என்னிடம் முன்மாதிரிப் பேசவில்லை.

நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நான் செய்தால் சொந்தக்காரி பேசுகிறாள் என்பார்கள். அளந்தவள் நீ, படித்துக் காட்டியவள் நீ. ஐந்து வீட்டுக்கும் நீ போய்ச் சொல்ல வேண்டும். பால்மானி தப்பு என்று மட்டும் சொன்னால் பாதிதான். குழந்தைக்கு அந்தப் பாலால் உடம்புக்கு வந்தது என்று உன் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் உங்களுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

சீனியம்மாள்


பழங்காநத்தம்,
4.11.1979

அன்புள்ள சீனி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம். தீபாவளி வந்து போனது. மைதிலிக்கு முப்பத்தெட்டு ஊசி ஆகியிருக்கிறது. முதல் தடவையாக நூறு கிராம் ஏறியிருக்கிறாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அதுவரை தினமும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். மறைத்து என்ன எழுதப்போகிறேன்.

புதன்கிழமை டிப்போவுக்குப் போனேன். உன் அத்தை பின்பக்கம் கேன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். அறுபது டிகிரி, சூடு, விரிவது, எல்லாம். என் வாயிலிருந்து வருகிறதே தவிர எதுவும் அவள் பக்கம் போகிற மாதிரி இல்லை. முடித்ததும் கேனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்: “நான் ஊத்தலன்னு எங்கிட்ட எதுக்குத் தாயி சொல்ற? எனக்குத்தான் தெரியுமே.”

அப்புறம் குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். தேறுகிறாள் என்றேன். சரி என்று அடுத்த கேனை எடுத்தாள்.

இவரிடம் அன்று சாயங்காலமே சொல்லிவிட்டேன், சொல்லப்போகிறேன் என்று. கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. “அப்பா காதுல விழும். அதை யோசிச்சியா?” என்று கேட்டார். யோசித்தேன் என்றேன். பொய். குழாயடியை யோசித்தேன், வீட்டை யோசித்தேன், ஊசியை யோசித்தேன். அவரை யோசிக்கவில்லை. அவர் விஷயத்தில் எப்போதும் எனக்கு இதே தப்பு.

நேற்றும் இன்றும் நான்கு வீடு முடித்தேன். மின்சார வாரியத்துக்காரர் மனைவி நான் பாதி சொல்லும்போதே தன் பையனை உள்ளே இழுத்துக்கொண்டாள். இன்னொருத்தி, “அப்ப எங்களையும் சேத்துல்ல பாவத்துல எறக்கிவிட்டீக” என்று கேட்டாள். நாலாவது வீட்டில் காபி கொடுத்தார்கள். குடித்துவிட்டு வைத்த டம்ளரை அந்த அம்மா துணியால் பிடித்து எடுத்ததைப் பார்த்தேன். மீதி பட்டு மாமி வீடு. அது எங்கள் கூடத்துக்கு அடுத்த சுவர். மைதிலி விழித்துக்கொண்டாள், இதை இங்கே நிறுத்துகிறேன்.

போய்விட்டு வந்தேன்.

மாமி ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன். அளந்தது தப்பு, செல்லத்தாய் ஒரு நாளும் தண்ணீர் ஊற்றவில்லை, குழந்தைக்கு வந்திருப்பது பாலால் இல்லை, மாமனாருக்குக் காசம் இருக்கிறது, அவரிடமிருந்து வந்தது. குரலைத் தாழ்த்திச் சொல்ல நினைத்தேன். ஆனால் அன்று குழாயடியில் இருபத்தாறு என்று படித்தபோது எந்தக் குரலில் படித்தேனோ, அதைவிடத் தாழ்ந்தால் அது சொன்னதாகுமா? அதே குரலில் சொன்னேன்.

மாமி ஊஞ்சலைக் காலால் நிறுத்தினாள். “ஏண்டி, அவகிட்ட இப்போ மாடே இல்லையாமே. இனிமே சொல்லி யாருக்கு என்ன?” என்றாள்.

“அவ பேர் இருக்கு மாமி” என்றேன்.

“ஓம் பேரு? உங்காத்துக்காரன் பேரு?” என்று கேட்டுவிட்டு, ரொம்ப மெதுவாக, கோபமே இல்லாமல், முதல் தேதிக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். தன் பெண் பிரசவத்துக்கு வரப்போகிறாளாம். அவளும் ஒரு பெண்ணைப் பெற்றவள். நான் அவள் இடத்தில் இருந்தால் முதல் தேதிவரைகூட விட்டிருக்க மாட்டேன்.

திரும்பி வந்தபோது மாமனார் கூடத்தில் இல்லை. கிணற்றடியில் உட்கார்ந்து தன் தட்டையும் டம்ளரையும் தேய்த்துக்கொண்டிருந்தார். இந்த வீட்டுக்கு வந்த நாளாய் அவர் ஒரு ஸ்பூனைக் கழுவி நான் பார்த்ததில்லை. பக்கத்தில் அவருடைய பாயும் தலையணையும் வெயிலில் கிடந்தன. என்னைப் பார்த்ததும், “புழக்கடையில ஒரு ஆணி அடிச்சுடச் சொல்லும்மா, என் துண்டைத் தனியாப் போட்டுக்கறேன்” என்றார். ஆஸ்துமா என்று சொன்னீர்களே என்றுகூடக் கேட்கவில்லை. மைதிலி என் இடுப்பிலிருந்து அவரைப் பார்த்துத் தாவினாள். அவர் சோப்பு நுரையோடு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் அழுத அழுகை இன்னும் ஓயவில்லை. இதை எழுதும்போதும் மடியில் விசும்பிக்கொண்டிருக்கிறாள்.

இவர் சமயநல்லூர்ப் பக்கம் வீடு கேட்டுப் பார்க்கிறேன் என்று போயிருக்கிறார். அங்கே ஊசி போட யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. ஐம்பத்திரண்டு பாக்கி.

உன் அத்தையிடம் ஐந்து வீட்டிலும் சொல்லிவிட்டேன் என்று சொல்லிவிடு. அவளுக்காக இல்லை, அவளுக்குத்தான் தெரியுமே. சொன்னேன் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

நீ எழுதுவதாக இருந்தால் இந்த விலாசத்துக்கு எழுதாதே. இங்கே எங்களுக்கு வருவதை எடுத்துக் கொடுக்க இனி ஆள் இருக்காது. எங்கே போகிறோம் என்று தெரிந்ததும் நானே எழுதுகிறேன். தாமதமாகத்தான் எழுதுவேன். எழுதுவேன்.

ஸ்யாமளா